மூலைக்கு ஒரே டைல்

குளியலறைச் சுவரில் குழாய் வரும் மூலை மட்டும் பாக்கி. தரையில் ஒரே ஒரு டைல் இருந்தது.

"பாத்தியா, ஒண்ணுகூட அதிகமில்ல. என் அளவு அப்படி," என்றது அளவு டேப், உடம்பை நீட்டிக்கொண்டு.

"குழாய்க்கு ஓட்டை போடணும்," என்றது வெட்டும் மெஷின். "என் கையில ரெண்டு மூணாவது ஒடையும். அதைச் சேத்தியா?"

"சுவரைத்தான் அளக்கச் சொன்னாங்க. நீ ஒடைக்கிறதுக்கு நான் ஏன் கணக்கு வைக்கணும்?"

டைல் மெல்லச் சொன்னது: "அண்ணே, எங்க டிசைன் கடையில தீந்துபோச்சு. பாத்து வெட்டுங்க."

மெஷின் சுற்றத் தொடங்கியது. ஓட்டை பாதி வட்டம் ஆனபோது 'டிக்' என்று ஒரு சத்தம்.

மெஷின் நின்றது. டைலின் இரண்டு துண்டுகளும் டேப்பைத் தேடின.

அது எப்போதோ தன் டப்பாவுக்குள் சுருண்டிருந்தது.