அத்தர்ப் பெட்டிக் கற்கள்

சாவிக்கொத்து குலுங்கும் சத்தம். எத்தனையோ வருஷம் கழித்தும் அதை நினைத்தால் சைராவுக்கு உள்ளங்கை வியர்க்கும்.

மாமியார் ஹலீமா பீயின் இடுப்பில் தொங்கிய கொத்து அது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த அந்த வீட்டுக்குச் சைரா மருமகளாக வந்த புதிது. ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் அவள் அறையை நோக்கி வந்தது.

அதற்கு முன்னால் நாத்தனார் வஹீதாவின் குரல் வந்தது.

"நீங்களே பாருங்க அம்மீ. சைரா பாபி கல்லுக்குப் பேர் வெச்சு, பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. என் காதால கேட்டேன். தோபா, தோபா! இன்னும் கும்பிடுறது ஒண்ணுதான் பாக்கி."

சைரா அவசரமாகக் கற்கள் இருந்த பெட்டியை மூடப் பார்த்தாள். மூடி சிக்கிக்கொண்டது.

போன மாசம்தான் பக்கத்துத் தெரு மருமகள் ஒருத்தி, பிள்ளை வேண்டி வேப்பமரத்தில் மஞ்சள் துணி கட்டினாள். அன்றைக்கே அவளை ஜட்காவில் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பச் சொன்னவள் ஹலீமா பீ.

சைராவுக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லை. அண்ணன் வீடுதான். அங்கே அண்ணி வைத்ததுதான் சட்டம்.

ஹலீமா பீ உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். அத்தர்க் குப்பிகள் வைக்கும் பழைய பெட்டி. குழிக்கு ஒன்றாக, கல்லும் சிப்பியும் விதையும்.

"இன்னாடி இது?"

"பாலாத்து மணல்ல பொறுக்கினது, மாமி. சின்ன வயசுலேர்ந்து..."

"பேரைச் சொல்லு."

"இது மின்னல். வெள்ளைக் கீறல் இருக்குதே, அதுக்காக. இது நண்டு வீடு. இந்தச் சிப்பி... கோடைமழை." சைரா சிப்பியைக் குழியில் திரும்ப வைத்தாள். "அடையாளத்துக்குத்தான் மாமி. சத்தியமா கும்பிடலை."

"கோடைமழையாம்! கேட்டீங்களா அம்மீ?"

"வஹீதா, அடுப்புல பால் இருக்குது. போ."

வஹீதா போனாள். ஹலீமா பீயும் எழுந்து போனாள். அடுத்த அறையில் சாவிகள் குலுங்கின. டிரங்குப் பெட்டி கிறீச்சென்று திறந்தது.

சைராவின் துணிமணி அந்த அறையில்தான் இருந்தது. மூட்டை கட்டுகிறார்கள். அவ்வளவுதான். ஜட்கா வரவேண்டியதுதான் பாக்கி.

ஹலீமா பீ கையில் ஒரு சின்ன மூட்டையோடு திரும்பி வந்தாள். கதவைத் தாழிட்டாள். மூட்டையைப் பிரித்தாள்.

உள்ளே ஒரு கல். தோல் ஊறும் ஆவாரம்பட்டைச் சாறு ஏறிப் பழுத்த கல்.

"இதுக்கு இடம் இருக்குதா உன் பெட்டியில?"

சைரா விழித்தாள்.

"உங்க மாமா பட்டைத் தொட்டியிலேர்ந்து எடுத்துனு போய்த் தலைமாட்டுல வெச்சது. அப்புறம் பாலாறு பெருகி அடக்கம் பண்ண மண்ணையெல்லாம் வாரினு போயிடுச்சு. இதுதான் கிடைச்சுது."

"யாரு தலைமாட்டுல, மாமி?"

ஹலீமா பீ முந்தானையால் கல்லைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நல்ல பேரா ஒண்ணு வையி. வஹீதாவுக்கு மூத்தவ. நமக்கு ஏழாம் நாள்தானே பேர் வைக்கிறது? அவ ஆறாம் நாளே போயிட்டா."