ஒரு ஜக்கெட் போதும்

காத்தான்குடியில் நான் கடை திறந்ததும் வீதி வேலை மேற்பார்வையாளர் சில்வெஸ்டர் வந்து சேஃப்டி ஜக்கெட் கேட்டார்.

மலிவானதைக் காட்டினேன். தள்ளிவிட்டார்.

"சட்டத்துக்குச் சரியானது வேணும் நானா," என்றார். முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் முறையில் 'நானா' என்பது எங்கள் ஊர் வழக்கம்.

டோர்ச் அடித்து ஒளிப்பட்டியைச் சோதித்தார். தர முத்திரையைத் தேடினார். தொழிலாளியில் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு மனம் குளிர்ந்தது.

"எத்தனை வேணும், சேர்?"

"ஒண்டு போதும். எங்கட வேலையாள் லூர்துக்கு."

"அளவு பார்க்க ஆளைக் கூட்டி வாங்களன்."

அவர் ஜக்கெட்டை வாசலில் போட்டு, சப்பாத்தால் மிதித்து மண்ணில் புரட்டினார்.

"என்ன செய்றீங்க?"

"பழசாத் தெரியணும். நேற்று லொறி அடிச்ச நேரம் இதைத்தான் போட்டிருந்தான் எண்டு விசாரணையில சொல்லப்போறம்."

ஜக்கெட்டைப் பிடுங்கினேன்.

"இந்தப் பொய்க்கு லூர்து ஒத்துக்கொண்டானா?"

"பிரேத அறையில கிடக்கிறவனிட்ட யாரு நானா கேக்கப்போறாங்க?"