விளம்பரத்தில் இருந்த கை

“எதிர்க்கடை மெக்கானிக்குக்கா என் பொண்ணு? நடக்காது.”

கம்ப்யூட்டர் கடை முதலாளி போட்ட சத்தத்தில், தெருவில் பாதி ஜன்னல்கள் காற்றுக்காகத் திறந்துகொண்டன.

“அவர்கிட்ட என்னப்பா குறை?” மகளும் குரலைக் குறைக்கவில்லை.

“அவன் கடையில விக்கிற கம்ப்யூட்டர் கம்பெனியே குறைதான். அவங்க விளம்பரத்துல ஓஞ்சுபோன கிரிக்கெட் ஆட்டக்காரன். நம்ம கம்பெனிக்கு யாரு, பாத்தியா?”

கடை வாசலில் நடிகரின் ஆளுயரப் படம் நின்றது. மேலே சிரித்த முகம், கீழே தனியாக, கீபோர்டில் பறக்கும் விரல்கள். தினமும் அதைத் துடைத்துவிட்டுத்தான் முதலாளி கடையைத் திறப்பார்.

“கட்டைவிரல்ல சூட்டுத் தழும்பு தெரியுதா? அவ்வளவு பெரிய நடிகர், தானே ரிப்பேர் பாத்திருக்கார். இப்படி ஒரு கைன்னா கண்ணை மூடிக்கிட்டு உன்னைக் குடுப்பேன்.”

“அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“மாற மாட்டேன்.”

மகள் எதிர்க்கடையைப் பார்த்துக் கையசைத்தாள். மெக்கானிக் தயங்கியபடி வந்து நின்றான்.

“நடிகருக்கு டைப் அடிக்க வராதாம்பா. ஷூட்டிங்ல கைக்கு மட்டும் இவரைக் கூப்பிட்டிருக்காங்க. எதிர்க்கடையில சேர்றதுக்கு முன்னாடி.”

அவன் கையைப் பிடித்துப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். அதே கட்டைவிரல், அதே தழும்பு.

“சால்டரிங் பண்ணும்போது சுட்டுக்கிட்டது, மாமா,” என்றான் மெக்கானிக், பணிவாக.

மறுமாதமே கல்யாணம். இருவரும் பக்கத்து ஊருக்குக் குடிபோய், எந்தக் கம்பெனி கம்ப்யூட்டரானாலும் பழுது பார்க்கிறார்கள். முதலாளி இன்றும் தினமும் படத்தைத் துடைக்கிறார், முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும்.