அச்சு அசல்

வார இறுதிகளில் சர்ஃப் என்கிற கிட்டார் இசை வாசிக்கிற இரவிச்சந்திரனுக்கு, வில்லரே பகுதி இசைக்கருவிக் கடையில் அந்த மின்கிட்டாரின் விலையைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. நாலாயிரம் டொலர்!

"புதுச் சாமானை வேணுமெண்டு கீறிப்போட்டு, அதுக்கு இவ்வளவு விலையோ?" என்று மனைவி அஜந்தாவிடம் புறுபுறுத்தான்.

கடைக்காரர் பிரெஞ்சில் விளக்கினார். அறுபதுகளில் செய்த அபூர்வமான கிட்டார் ஒன்றை ஒரு கீறல் விடாமல் படியெடுத்தார்களாம். பின்பக்கக் கிறுக்கல் என்னவென்று மட்டும் செய்தவர்களுக்கே தெரியாதாம்.

அஜந்தா திருப்பிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, தமிழிலை என்ரை பேரெல்லே கிடக்கு!"

இரவிச்சந்திரன் அந்த எழுத்துகளை விரலால் தடவினான்.

"ஓம். அந்த அசல் கிட்டாரிலை ஆணியாலை நான்தான் எழுதினனான். பத்து வருசத்துக்கு முன்னம் உமக்கு இஞ்சை வரப் பிளேன் ரிக்கெற் எடுக்க அதைத்தான் வித்தனான்."