எட்டுப் போட்டால் வழி தெரியும்

சாமுண்டி மலையின் பின்சரிவில், ஆளுயர உண்ணிப் புதர்களுக்கு நடுவே நின்று கவின்ராஜ் செல்போனைக் காற்றில் ஆட்டி எட்டுப் போடுகிறான். திசை பிடிபட அப்படிச் செய்யச் சொல்லி மேப்பே கேட்டிருக்கிறது. வெயில் பாறை உச்சிக்குப் போய்விட்டது; இருட்டினால் சிறுத்தை நடமாடும் என்ற பலகையை வரும்போது இருவருமே படித்துச் சிரித்திருந்தார்கள். “லைசென்சுக்கே ஒழுங்கா எட்டுப் போடாதவன் நீ. கெரகம், உன்னை நம்பி வந்தேன் பாரு,” என்கிறாள் கூடப் படிக்கும் ஜோதிமணி, துப்பட்டாவிலிருந்து முள்ளைப் பிடுங்கியபடி. “சும்மா இரு குரு, அம்பு திரும்புது,” என்கிறான் அவன், மைசூர்ப் பையன்கள் யாரையும் ‘குரு’ என்று கூப்பிடும் பழக்கம் ஒட்டிக்கொண்டு. நீல அம்பு மைசூரைக் காட்டுகிறது, ஊட்டியைக் காட்டுகிறது, கொஞ்ச நேரம் அவனையே காட்டுகிறது. வியர்த்த விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி ஆட்டுகிறான். வலப்பக்கப் புதரில் சருகு நொறுங்குகிறது. ஓணான் ஓடினால் இவ்வளவு சத்தம் வராது. அம்பு அந்தப் புதரைப் பார்த்து ஆடாமல் நிற்கிறது. கீழே ரோட்டுக்குப் போகும் பாதை அதன் வழியாகத்தான். “வழி கிடைச்சிருச்சு,” என்கிறான், பாதிக் குரலில். “சந்தோஷம். முன்னாடி நட.” “உனக்குத்தான் மேப் நல்லாப் பார்க்க வரும், இந்தா,” என்று மிகுந்த பெருந்தன்மையோடு போனை நீட்டுகிறான். ஜோதிமணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.