பாதி வாளி

அன்றும் விடிவதற்குள் ஜூரா தன் வாளித் தீனியில் பாதியை அள்ளி அடுத்த தொட்டியில் போட்டாள். விரல் நீள டிரவுட் மீன் குஞ்சுகள் மொய்த்துத் தின்றன. தன் குஞ்சுகளின் வாயிலிருந்து பிடுங்கி அடுத்தவள் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறாள். பார்ப்பவர்கள் நல்ல மனசு என்பார்கள்.

நல்ல மனசெல்லாம் இல்லை. அளவுக்கு மேல் போட்டால் தின்றது போக மிச்சம் அடியில் அழுகும், தண்ணீர் கெடும், குஞ்சு செத்து மிதக்கும். அந்தத் தொட்டி கூட வேலை பார்க்கும் சைகலுடையது.

இசிக்-குல் ஏரிக்கரைப் பண்ணையில் பனிக்காலத்துக்கு ஒருத்திக்குத்தான் வேலை. பண்ணையை நடத்தும் ஜோல்டோஷ் முந்தைய மாலையே இரண்டு வாளிக்கும் ஒரே அளவு தீனி நிறுத்து வைத்துவிடுவார். எவள் குஞ்சு நன்றாகத் தேறுகிறதோ அவள் இருப்பாள். மற்றவள் வீட்டில் நிலக்கரி இல்லாமல் நடுங்க வேண்டியதுதான்.

ஜூரா பல வருஷமாக இந்தத் தண்ணீரில் கை விறைத்தவள். சைகல் போன வசந்தத்தில் வந்தவள். வந்ததும் ஜோல்டோஷ் அவளிடம் சிரித்துப் பேசினார். ஜூராவிடம் அவர் கேட்பது, "வலையைக் கழுவியாச்சா?" மட்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சைகல் தொட்டியின் மேல் கையை நீட்டினாள். குஞ்சுகள் எழும்பவில்லை. ஜூராவுக்கு உள்ளம் குளிர்ந்தது.

"என்னடி, உன் பிள்ளைங்க மூஞ்சியத் திருப்பிக்குது? நோவா?"

"ஓடி வர்றதுக்கு அதுங்க என்ன ஆட்டுக்குட்டியா அக்கா?" சைகல் சிரித்தபடி ரொட்டியும் அவித்த முட்டையும் நீட்டினாள். "தின்னு. எங்க கோழி நிறுத்தாம போடுது."

முட்டையைப் பார்த்ததும் வயிறெரிந்தது. குளிர் வந்துவிட்டால் ஊரில் எவள் கோழியும் முட்டை விடாது. இவளுடையது மட்டும் விடும். ஆனாலும் ஜூரா தின்றாள். தினமும் தின்றாள்.

எடை பார்க்கும் நாள் வந்தது. ஜோல்டோஷ் முதலில் ஜூராவின் தொட்டியில் வலையை விட்டார். குஞ்சுகள் தலை மட்டும் பெருத்து, உடம்பு ஒட்டிப்போய் வந்தன.

"குஞ்சா இது, தீக்குச்சியா? தீனிய நீயே தின்னுட்டியா ஜூரா?"

சைகலின் தொட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாம் ஒரே சீராகக் கொழுத்திருந்தன.

"நீ இரும்மா," என்றார் அவளிடம்.

ஜூரா ரப்பர் பூட்ஸைக் கழற்றிப் பையில் திணித்தாள். சைகல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ்வளவு தீனி விழுந்தும் எப்படிடி சாகல?" ஜூராவுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"கையை நீட்டினா வராத மீனு ஏற்கெனவே தின்னுருக்குன்னு தெரியாதா அக்கா? அதான் என் வாளியில பாதிதான் போட்டேன்."

"மீதிப் பாதி?"

சைகல் ஒரு முட்டையை உரித்து அவள் கையில் வைத்தாள்.

"பின்ன, எங்க கோழி எதைத் தின்னு முட்டை போட்டுச்சுன்னு நெனச்ச?"