சந்தனப் பொட்டு வைத்த சார்ஜர்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் காளியப்பனின் போர்வெல்லில் இனி ஒரு சொட்டுத் தண்ணீர் வராமல் போகட்டும். கம்பைநல்லூர்ப் பக்கத்தில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

“எல்லாம் உன் சந்தனம் பண்ண வேலைடி!” என்று மனைவி பாஞ்சாலியைப் பார்த்துக் கத்தினார் காளியப்பன். அவர் கையில் மகள் சசிகலாவின் லேப்டாப் சார்ஜர். அதன் காந்த முனையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தன.

சரஸ்வதி பூஜைக்கு மண்வெட்டி, கொடுவாள், மோட்டார் ஸ்டார்ட்டர் வரிசையில் லேப்டாப்பையும் உட்கார வைத்து, ஒன்று விடாமல் பொட்டு வைத்தவள் பாஞ்சாலி. பூஜையிலிருந்து எடுத்த பிறகு அதில் சார்ஜே ஏறவில்லை.

காளியப்பன் வேட்டி நுனியால் முனையைத் துடைத்து லேப்டாப்பில் வைத்தார். காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது. விளக்குதான் எரியவில்லை.

“ஒட்டுதே பாப்பா!”

“ஒட்டுதுப்பா. ஏறலையே. பதினோரு பர்சன்ட்தான் இருக்கு.”

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சசிகலாவிடம் பெங்களூர் மேனேஜர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். நாளை ஒன்பது மணிக்கு லேப்டாப் ஓட வேண்டும். இல்லையென்றால் நேரில் வந்து வேறு வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் முடியாதென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நாளை பத்து மணிக்குத்தான் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. இந்த முறையும் தள்ளினால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். சசிகலா பெங்களூருக்குப் போனால் மாப்பிள்ளை போச்சு. போகாவிட்டால் வேலை போச்சு. வேலை இல்லாத பெண்ணை அந்த மாப்பிள்ளை வீட்டார் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

“அந்த மாப்பிள்ள போன்லயே அதட்டுறாருப்பா. எனக்குப் புடிக்கல” என்று சசிகலா போன வாரமே சொல்லியிருந்தாள். “நேர்ல பாத்தா புடிச்சிரும்” என்று காளியப்பன் முடித்துவிட்டார். பாஞ்சாலி அன்றைக்கு மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் காபி கொண்டுவந்து நீட்டினாள். கட்டைவிரல் நகம் கண்ணாடி மாதிரி மின்னியது.

“வூடே பத்தி எரியுது, உனக்கு நகப்பாலிஷ் கேக்குதா?”

“நாளைக்கு நாலு பேரு முன்னால நிக்கணும்ல? பாப்பா பாட்டில்ல ஒரு சொட்டு மிச்சமிருந்துச்சுங்க.”

காபியைக் குடிக்காமலே அவர் மாரப்பனை அழைத்துவந்தார். ஊரில் பாதி மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர் மாரப்பன். லேப்டாப்பைக் காதருகே வைத்துக் கேட்டார். குலுக்கினார். முகர்ந்தார்.

“லோ வோல்டேஜுப்பா. த்ரீ பேஸ் வரட்டும், பம்புசெட்டுல மாட்டிப் பாப்போம்.”

பன்னிரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தது. சசிகலா எவ்வளவு சொல்லியும் கேட்காமல், லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போலப் பம்புசெட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அந்தப் போர்வெல் வற்றி மூன்று வருடமாகிறது. ஸ்டார்ட்டருக்குப் பூஜை மட்டும் தவறாது. அங்கேயும் காந்தம் ஒட்டியது, விளக்கு எரியவில்லை.

“ஸ்டார்ட்டர் பச்ச பட்டன அமுக்கிப் பாக்கட்டுமா?” என்றார் மாரப்பன். காளியப்பன் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கடைசியாக, தர்மபுரியில் செல்போன் கடை வைத்திருக்கும் நதீம் பைக்கில் வந்தான். பூதக்கண்ணாடியை வைத்து முனையைப் பார்த்தான்.

“தப்பு சந்தனத்து மேல இல்லீங்கண்ணே. கரண்ட் ஏறுற பின்னெல்லாம் பளபளன்னு புதுசாட்டம் இருக்கு. அப்ப உள்ள போர்டுதான். இந்தக் காந்தச் சார்ஜர் மாடலுக்கு நம்ம ஜில்லாவுல ஆள் இல்ல, பெங்களூருதான் போகணும்.”

“தம்பி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஓட வெச்சிரு. ஒரே ஒரு நாளு.”

“என் கையில இல்லீங்கண்ணே.”

மூன்று சதவீதம். இரண்டு. ஒன்று. திரை கறுத்தது. காளியப்பன் அந்தக் கறுப்பில் தன் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பையக் கட்டு பாப்பா” என்றார்.

சாயங்காலம் சசிகலா பஸ் ஏறினாள். பஸ் திரும்பியதும் காளியப்பன் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போன் போட்டார். பாதி சொல்வதற்குள் அந்தப் பக்கம், “சரிங்க, நாங்க வேற எடம் பாத்துக்கறோம்” என்று வைத்துவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு சிமெண்டு மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “உன் ஒரு பொட்டு, ஒரு கல்யாணத்தையே தின்னுருச்சு” என்றார். பாஞ்சாலி பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“மாப்பிள்ளதான் போச்சு. அந்த மிஷினாச்சும் பெங்களூர்ல சரியாவுமா?” என்று அவர் கேட்டார்.

பாஞ்சாலி நகத்தை ஊதிவிட்டுச் சொன்னாள்:

“வெறும் நகப்பாலிஷ்தாங்க, சொரண்டுனா ஏறிரும்.”